சோத்துக்கைப் பக்கம்

வத்தேகம
4.8.2024

அன்புள்ள அத்தானுக்கு,

நான் நலம். நீங்கள் நலமாக இருக்க மாதாவிடம் தினமும் கேட்கிறேன்.

சிறைச்சாலை நலன்புரி அதிகாரி மாத்தயா நேற்று வீட்டுக்கு வந்தார். நவம்பரில் உங்களை முன்கூட்டியே விடலாமாம். ஆனால் சேர்த்துக்கொள்கிறோம் என்று வீட்டில் ஓர் ஆள் சொல்ல வேண்டுமாம். "நான் எதுக்கு இருக்கேன் சேர்?" என்று கேட்டேன். மனுஷன் சிரித்துவிட்டார். அக்டோபரில் மறுபடி வந்துதான் அறிக்கை எழுதுவாராம்.

உங்கள் கார் கறுப்பியை ஒருவழியாகக் கிளப்பியாயிற்று. ஆனால் உங்களைப் போலத்தான், நேராகப் போகத் தெரியவில்லை. வேகம் எடுத்தால் ஸ்டியரிங் நடுங்குகிறது. பிரேக் பிடித்தால் ஒரு பக்கம் இழுக்கிறது. செப்டம்பர் 15 ஞாயிறு டிராக் ரேஸுக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். ஓட்ட நல்ல ஆள் கிடைத்திருக்கிறது. யாரென்று சொல்ல மாட்டேன், கேட்கவும் கூடாது. முன்பக்கம் எங்கே கை வைக்க வேண்டும் என்று மட்டும் எழுதுங்கள்.

உங்கள் அன்பு
அனற்

•

சிறைச்சாலை
14.8.2024

அன்புள்ள அனற்,

உன் கடிதம் ஒரு வாரம் உள்ளேயே கிடந்தது. இங்கே தமிழ்க் கடிதம் பார்க்க ஒரே ஒரு மாத்தயாதான். எழுத்துக்கூட்டிப் படித்து முடிக்க அவ்வளவு நாள் வேண்டும். இங்கிருந்து போவதும் அப்படித்தான்.

கறுப்பியின் நோய் எனக்குத் தெரியும். நான் உள்ளே வரும் முன்பே உன் சோத்துக்கைப் பக்கத்து டை ராட் முனை தேய்ந்துபோயிருந்தது. ஸ்டியரிங்கைத் திருப்பினால் சில்லையும் திருப்புகிற கம்பியின் முனை அது. ஓட்டத்தில் கழன்றால் சில்லு தன்பாட்டில் மடங்கிவிடும், அந்தோனியாரே வந்தாலும் பிடிக்க முடியாது. புதிதாக மாற்று. நட்டை இறுக்கி, அது கழலாமல் பின் ஊசி குத்த மறக்காதே. முன்சில்லு இரண்டும் நேரே நிற்கிறதா என்று நூல் பிடித்துப் பார்.

யார் ஓட்டுவது? கேட்காமல் இருக்க நான் என்ன ஞானியா? ஒருத்தன் உன் பக்கத்தில் நின்று சிரித்ததற்குத்தான் நான் இங்கே கிடக்கிறேன். ஞாபகம் இருக்கட்டும்.

வில்பிரட்

•

வத்தேகம
31.8.2024

கோபக்கார அத்தானுக்கு,

டிரைவர் கதவுப் பக்கத்துச் சில்லைக் கழற்றி, நீங்கள் சொன்ன முனையை மாற்றியாயிற்று. கழற்றிய பழசு அத்தனை மோசமில்லை, ஏன் மாற்றச் சொன்னீர்களோ. நடுக்கம் கொஞ்சம் குறைந்த மாதிரித் தெரிகிறது. அக்குறணையில் கார் பாட்ஸ் வாங்கப் போனபோது கடைக்கார அஸ்ஃபர் நானா, "யாரு புள்ள வேல செய்ற?" என்று துருவித் துருவிக் கேட்டார். நான் வாயே திறக்கவில்லையே! ரேஸ் முடியட்டும், ஊரே சொல்லும்.

சிரித்தவன் கதையை மறுபடி எடுக்காதீர்கள். அந்த மனுஷன் டிக்கெட் எங்கே விற்கிறது என்று கேட்டுத்தான் சிரித்தான். நீங்கள் வீல் ஸ்பேனரால் அடித்த காலை இன்றைக்கும் இழுத்து இழுத்துத்தான் நடக்கிறான். என்னைப் பயமுறுத்தாமல் ஒரு கடிதம் எழுத வராதா உங்களுக்கு?

அன்புடன்
அனற்

•

சிறைச்சாலை
11.9.2024, புதன்

அனற்,

அன்புள்ள என்று எழுதக் கை வரவில்லை.

டிரைவர் கதவு வலது பக்கம். நான் சொன்னது இடது. ஊருக்குத்தான் சோத்துக்கை வலது. இடக்கையால் சாப்பிடும் உன்னைக் கட்டிய நாளிலிருந்து நம் வீட்டில் சோத்துக்கை என்றால் இடது. அது உனக்கும் எனக்கும் தெரியும். நீ பெயர் சொல்லாத அவனுக்குத் தெரியாது. என் கடிதத்தை அவனுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறாய். அவன் தன் சோத்துக்கையைப் பார்த்து மாற்றியிருக்கிறான். என் வீட்டில், என் காருக்கடியில் ஒருத்தன் படுத்துக் கிடக்கிறான்.

தேய்ந்த முனை அப்படியேதான் இருக்கிறது. ஞாயிறு ரேஸ். பெரிய மாத்தயாவிடம் கெஞ்சினால் உனக்கு இன்றே போன் எடுக்கலாம். எடுக்க மாட்டேன். எழுதி அனுப்புகிறேன். இது உன் கைக்கு வரும்போது எல்லாம் முடிந்திருக்கும். உயிர் மிஞ்சியிருந்தால் அவனுக்கு நீயே சோறு ஊட்டிவிடு.

வில்பிரட்

•

ஆஸ்பத்திரி, கண்டி
6.10.2024

வில்பிரட்டுக்கு,

இடது மணிக்கட்டில் கம்பி வைத்திருக்கிறார்கள். பழக்கமில்லாத கையால் எழுதுகிறேன்.

உங்கள் கடிதத்தைப் பக்கத்து வீட்டுக் கலாராணி அக்கா வார்டுக்குக் கொண்டுவந்து தந்தா. பாதி ஓட்டத்தில் இடது சில்லு மடங்கி, கார் போய்ச் சுவரில் அடித்தது. அவன் என்று ஒருத்தனும் இல்லை. கறுப்பிக்கடியில் படுத்தது நான். ஓட்டியதும் நான். நவம்பரில் உங்களைக் கூட்டிவர நானே ஓட்டிக்கொண்டு வந்து நிற்க ஆசைப்பட்டேன். அதற்காகத்தான் யாரென்று சொல்லவில்லை.

நீங்கள் சீட்டில் உட்கார்ந்தபடி யோசித்து எழுதியிருக்கிறீர்கள். நான் காருக்கு முன்னால், அதன் முகத்தைப் பார்த்தபடி நின்றேன். அப்படி நின்றால் என் சோத்துக்கைப் பக்கம் டிரைவர் கதவுதான் வரும். நடந்தது அவ்வளவுதான்.

பக்கம் மாறியது என் பிழை. அதை நான் தாங்கிக்கொள்வேன். ஆனால் ஓர் ஆள் சாகப் போகிறான் என்று தெரிந்தும் நான்கு நாள் சாப்பிட்டுத் தூங்கியிருக்கிறீர்களே. அவன் எவனாக இருந்தாலும் பெற்றவள் ஒருத்தி இருப்பாள்தானே? அப்படிப்பட்ட உங்களோடு ஒரே பாயில் படுத்திருக்கிறேனே.

நலன்புரி மாத்தயா வெள்ளிக்கிழமை வார்டுக்கே வந்தார். வீட்டில் சேர்த்துக்கொள்வீர்களா என்று கேட்டார். மாட்டேன் என்றேன். விபத்தில் பயந்துபோய்ச் சொல்கிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, இன்னொரு தரம் கேட்டார். உங்கள் கடிதத்தை எடுத்துக் கொடுத்தேன். அவருக்குத் தமிழ் வாசிக்க வராது. நானே ஒரு வரி விடாமல் சிங்களத்தில் சொன்னேன். எல்லாவற்றையும் அறிக்கையில் எழுதிக்கொண்டு போனார்.

அனற்