அவர் பெயரில் என் கையெழுத்து

1857 ஜனவரி 28, டூரின்

ஆஸ்திரியப் பேரரசர் மிலானில் மன்னிப்பு அறிவித்துவிட்டாராம். நாற்பத்தெட்டில் அவரை எதிர்த்துக் கலகம் செய்துவிட்டு ஓடிவந்தவர்கள் மனு எழுதிக் கையெழுத்துப் போட்டால் ஊர் திரும்பலாமாம். காய்கறிக்காரிதான் சொன்னாள். அவளுடைய டூரின் பேச்சு எனக்குப் பாதிதான் புரியும். இத்தாலி ஒரே நாடு என்று ஒன்பது வருடமாக எழுதுகிறேன், இந்த ஊரில் முட்டைக்கோஸ் வாங்க இன்னும் விரலைத்தான் நீட்டுகிறேன்.

மன்னிப்பாம்! யார் யாரை மன்னிப்பது? ஆத்திரமாகத்தான் வந்தது. ஆனால் படியேறுவதற்குள் ஆத்திரம் போய், தெல்ஃபீனா தெல்ஃபீனா என்று மனது அடித்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டது. மிலானில் நாத்தனார் ஓர்சோலாவிடம் என் மகளை விட்டுவந்தபோது அவளுக்கு வயது இரண்டு, உடம்பெல்லாம் தட்டம்மை. "பதினஞ்சே நாள், திரும்பிடலாம்" என்றார் என் கணவர் அகில்லே.

ஜனவரி 30

அவரிடம் பேச்செடுத்தேன்.

"இந்த வீட்டிலிருந்து ஒரு கையெழுத்துகூட அங்க போகாது."

"குழந்தை அங்க..."

"அவ இத்தாலியோட குழந்தை."

இத்தாலியா அவளுக்குக் காய்ச்சல் வந்தால் கண்விழிக்கிறது? கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை நான்?

பிப்ரவரி 2

மனுப் போடுகிறவர்கள் துரோகிகள் என்று ஒரு கட்டுரை. அவர் அறையில் நடந்துகொண்டே சொல்கிறார், நான் எழுதுகிறேன். மிலான் தெருச்சண்டையில் அவர் வலது கையில் மூன்று விரல் போனதிலிருந்து இப்படித்தான். கடிதம், கட்டுரை, கையெழுத்து எல்லாம் என் கை.

போன வருடம் வந்த 'இத்தாலியத் தாய்' மட்டும் அவர் சொல்லி எழுதியதல்ல. அவர் சளியும் ஜுரமுமாகப் படுத்திருந்தார், பத்திரிகைக்காரர் வாசலில் நின்றார், நானே உட்கார்ந்து எழுதினேன். அச்சில் பார்த்துவிட்டு, "பரவாயில்லையே, நல்லாத்தான் எழுதியிருக்கேன்" என்றார். கிண்டல் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

பிப்ரவரி 5

மழை. எழுத ஒன்றுமில்லை.

பிப்ரவரி 8

அவருடைய அரசியல் நண்பர்களின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம், வழக்கம்போல நம் வீட்டில். மனுப் போட்டுவிட்ட ஒருவரைப் பற்றி, "பொண்டாட்டி அழுதாளாம், இவன் போய் மண்டி போட்டுட்டான்" என்று ஒரே சிரிப்பு. அப்புறம் எல்லோரும் எழுந்து நின்று இத்தாலியப் பெண்களின் தியாகத்துக்காகக் குடித்தார்கள். கோப்பைகளைக் கழுவியது நானும் கொஸ்தான்சாவும். அவளும் எங்களைப் போல மிலானிலிருந்து வந்தவள்தான்.

"போயேன்டி. நாலு நாள் வாய் வலிக்கப் பேசுவாங்க, அப்புறம் வேற ஆள் கிடைச்சிடுவான்" என்றாள்.

"நீ போவியா?"

"எனக்கு அங்க யாரு இருக்கா?" என்று தட்டைத் துடைக்கத் தொடங்கினாள்.

பிப்ரவரி 11

தெல்ஃபீனாவின் கடிதம், அப்பாவுக்கு. அங்கே தடை செய்யப்பட்ட 'இத்தாலியத் தாய்' கட்டுரையை யாரிடமோ வாங்கித் தன் கையால் படியெடுத்து முழுக்க மனப்பாடம் செய்திருக்கிறாளாம். "அம்மா பக்கத்தில் இல்லாத குறையை உங்கள் எழுத்து தீர்த்துவிட்டது, அப்பா." கடைசியில், அம்மாவுக்கு என் வணக்கம். அவ்வளவுதான்.

அகில்லே கண்கலங்கி இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். மூன்றாவது தடவை என்னால் முடியவில்லை.

பிப்ரவரி 14

ஆஸ்திரியத் தூதரகத்துக்குப் போனேன். முகத்திரையை இழுத்துவிட்டுக்கொண்டு, திருடப் போகிறவள் மாதிரி.

எழுத்தர் வயதானவர், தன்மையாகத்தான் பேசினார். "உங்க மனு மட்டும் போதாதும்மா. புருஷன் சம்மதம் எழுத்துல வேணும். அவர் கையெழுத்து எங்க கோப்புல இருக்கு, ஒப்பிட்டுப் பார்ப்போம்."

குழந்தையை இங்கே அனுப்பச் சொல்லி வருடாவருடம் கொடுத்து, வருடாவருடம் தள்ளுபடியான விண்ணப்பங்கள் அந்தக் கோப்பில் இருக்கின்றன. கட்டு எவ்வளவு தடிமன் என்று இன்றுதான் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் போட்டிருப்பது நான் போட்ட அகில்லே.

பிப்ரவரி 17

சம்மதக் கடிதத்தை எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். எழுத்தர் பழைய காகிதத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "அச்சு அசல்" என்றார்.

மனுவில் என் பெயரைப் போடத்தான் மூன்று தடவை மை தொட்டேன். எர்சீலியா. போட்டு எத்தனை வருடம் ஆயிற்று!

பிப்ரவரி 24

அனுமதிச் சீட்டு வந்துவிட்டது. அவரிடம் சொல்லிவிட்டேன்.

"என் பேர்ல கள்ளக் கையெழுத்தா போட்டே?"

"ஒன்பது வருஷமா போடறேனே, அதெல்லாம் என்ன?"

கத்துவார் என்று நினைத்தேன். ஜன்னலைப் பார்த்து நின்றார். பிறகு, "நாளைக்கு என் கட்டுரைகளை யார் எழுதுவா?" என்றார். அதைத்தான் கேட்டார். ஒன்பது வருடம்! ஆனாலும் அவருடைய சட்டைகளை மடித்துவைத்துவிட்டுத்தான் என் பெட்டியை எடுத்தேன்.

பிப்ரவரி 26, மிலான்

நேற்று டூரினில் சாம்பல் புதன் பூசையில் தலையில் சாம்பல் தூவிக்கொண்டு வண்டியேறினேன், அங்கே தவக்காலம் வந்துவிட்டது. நம் மிலானுக்கு மட்டும் சனிக்கிழமை வரை கார்னிவல் கொண்டாட்டம். வழியெல்லாம் அதே நினைப்பு. குழந்தைக்கு ரோஜா நிறக் கவுனும் முகமூடியும் சர்க்கரை பாதாமும் வாங்கி வந்திருந்தேன்.

கதவைத் திறந்தவள் என் தோள் உயரம், கறுப்பு உடையில். கவுன் அவளுக்கு முழங்காலைத் தாண்டாது.

"எதிரி ஊரை விட்டுப் போற வரைக்கும் இந்த வீட்டுல கார்னிவல் கிடையாது, சிஞோரா" என்றாள், வேற்று வீட்டு அம்மாளிடம் பேசுவதுபோல. வணக்கம் மட்டும் குறையில்லாமல் வைத்தாள். ஓர்சோலா கவுனை வாங்கி அலமாரியில் திணித்தாள்.

இவர்கள் துக்கம் காக்கிறார்கள் என்று எழுதி எழுதியே பழகியவள் நான். எப்படி மறந்தேன்? மண்டு.

மார்ச் 3

பழைய தோழிகள் ஒருத்தியும் எட்டிப் பார்க்கவில்லை. நேற்று அவர்களில் ஒருத்தி, பீயா, கோவில் வாசலில் என்னைப் பார்த்ததும் எதிர்ப்பக்கம் போய்விட்டாள். பிறந்த ஊருக்கு வந்து ஊர்விலக்கு!

சாப்பாட்டு மேசையில் தெல்ஃபீனா நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னாள்: "குனிந்து வீடு திரும்பும் தாயைவிட, நிமிர்ந்து தொலைவில் நிற்கும் தாயே பிள்ளைக்குப் பால் வார்க்கிறாள். இது அப்பா எழுதினது. நீங்க கையெழுத்துப் போட்டுட்டு வந்தீங்க."

எழுதியவள் நான்தான்டி என்று நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் அவளுக்கு அப்பா என்று இருக்கிற கொஞ்சமும் போய்விடும். சூப்பைக் குடித்தேன். அந்த வாக்கியத்தை எழுதிய அன்று எவ்வளவு பெருமை எனக்கு! பால் வார்க்கிறாளாம். சீ.

மார்ச் 9

ஓர்சோலா, "கொஞ்சம் பொறு" என்கிறாள். நான் பொறுக்காததா?

மார்ச் 16

தையல் வகுப்பிலிருந்து தெல்ஃபீனா நேரத்துக்கு முன்பே வந்தாள். கன்னத்தில் நகக்கீறல், தோள்பட்டையில் சட்டைக் கை பிய்ந்து தொங்குகிறது.

"யாருடி பண்ணது?"

"பீயா பொண்ணு. நீ பேரரசர் காலைப் பிடிச்சுட்டு வந்தியாம்."

"நீ என்ன சொன்னே?"

"சொல்லலை. அடிச்சேன்." மூக்கை உறிஞ்சினாள். "நீ கையெழுத்துப் போட்டது எனக்குப் பிடிக்கலை. இப்பவும் பிடிக்கலை. ஆனா அதைச் சொல்ல அவ யாரு? எங்க அம்மா, நான் சொல்லுவேன்."

கிழிந்த சட்டைக் கையை என் பக்கம் நீட்டினாள். கறுப்பு நூல் எடுத்து, அவள் உடம்பிலேயே வைத்துத் தைத்தேன். இரண்டு தடவை ஊசி கோணிப்போயிற்று. அசையாமல் நின்றாள்.