பால் வாளியில் ஒரு வடிகட்டி

மார்ச் 21, 1979

இன்று கடையில் என் நாத்தனார் ஃபெர்னாந்த் எல்லோர் முன்னாலும் கேட்டாள்: "ஈஸ்டர் விருந்துக்கு இந்த வருஷமும் உன் மேப்பிள் சிரப்தானா ஒதேத்? அப்ப ஆளுக்கொரு மண்வெட்டியும் குடுத்துடு."

போன வருஷம் மணல் நறநறத்தது உண்மைதான். மேப்பிள் மரச் சாற்றைச் சிரப்பாகக் காய்ச்சினால் மணல்போல உப்பு படியத்தான் செய்யும்; வடிகட்டியது போதவில்லை. இந்த முறையும் கலங்கினால் தன் சிரப்பைத் தருவதாகப் பாதிரியாரிடம் சொல்லிவைத்துவிட்டாளாம். விடுவேனா?

மார்ச் 24

யோசனை வந்துவிட்டது. பால் கறக்கும் வாளி. அதன் வாயில், பழைய துணி துவைக்கும் இயந்திரத்தின் துளைத் தகடு. தகட்டின்மேல் துணி. மாட்டுக்கொட்டகையில் பால் கறக்க வைத்திருக்கும் பம்ப் வாளிக்குள்ளிருக்கும் காற்றை உறிஞ்சினால், சிரப் கீழே இறங்கித்தானே ஆகவேண்டும்?

என் கணவர் அல்சித், "மாடு உன்மேல கேஸ் போடப்போகுது" என்றார்.

மார்ச் 26

துணி கிழிந்தது. சே.

மார்ச் 29

தடித்த கம்பளித் துணி, வெந்நீரில் நனைத்துப் போட்டேன். அல்சித் பல் பிடுங்கப் போயிருந்ததால் காய்ச்சியதும் நானே. கடகடவென்று இறங்கியது! புட்டிக்குப் பின்னால் விரலை வைத்துப் பார்த்தேன், ரேகைகூடத் தெரிகிறது.

ஏப்ரல் 3

இன்று அல்சித் காய்ச்சினார். பாதியில் அடைத்துக்கொண்டது. நேற்றும் அப்படியே. புதுத் துணி போட்டும் பயனில்லை. பம்ப் சரி, சூடு சரி. நான் காய்ச்சினால் இறங்குகிறது, அவர் காய்ச்சினால் அடைக்கிறது — இதென்ன கூத்து?

ஏப்ரல் 6

துணியை அலசினேன். தண்ணீர் ஒட்டாமல் உருண்டோடுகிறது. கொழுப்பு!

நுரை பொங்கினால் தொட்டு அடங்கட்டும் என்று பாத்திரத்துக்கு மேலே உப்புப் பன்றித்துண்டு ஒன்றைக் கயிற்றில் தொங்கவிடுவோம். நுரைதான் அதைத் தொடவேண்டும். போய்ப் பார்த்தால் முடிச்சைத் தளர்த்தி இறக்கியிருக்கிறது; துண்டு சிரப்பிலேயே முங்கிக் கொதித்திருக்கிறது. அதுவும் பாதிதான் இருக்கிறது. கொழுப்பு துணிக்குப் போனது சரி, கறி எங்கே போனது?

ஏப்ரல் 7

மத்தியானம் காய்ச்சும் கொட்டகைக்குள் பின்பக்கமாக நுழைந்தேன். அல்சித் நிற்கிறார்: ஒரு கையில் ரொட்டி, மறு கையில் முள்கரண்டி, வாய் நிறைய பன்றிக்கறி. ஈஸ்டர் வரை கறியே தொடமாட்டோம் என்று ஃபெர்னாந்தின் கணவர் லியோபோலோடு சேர்ந்து தவக்காலம் தொடங்கிய சாம்பல் புதனன்று பாதிரியார் முன் சத்தியம் செய்த மனிதர்! பாவம் விரதமாயிற்றே என்று நான் வெறும் பட்டாணி சூப் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

"இது கறி இல்லடி" என்கிறார். "நுரை அடக்குற சாமான்."

அடப்பாவி மனுஷா! நான் ஒவ்வொரு துணியாக மாற்றிச் செத்துக்கொண்டிருந்தேனே! கத்த வாயைத் திறந்தேன், சிரிப்புதான் வந்தது.

ஏப்ரல் 8

முடிச்சை நானே மேலேற்றிக் கட்டினேன். நாள் முழுக்க அவர்தான் காய்ச்சினார். துணி அடைக்கவேயில்லை.

ஏப்ரல் 15, ஈஸ்டர் ஞாயிறு

ஃபெர்னாந்த் என் புட்டியை ஜன்னலுக்கு நேரே தூக்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பாதிரியார் இரண்டாம் தடவை ஊற்றிக்கொண்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

பாத்திரம் கழுவும்போது பக்கத்தில் வந்து நின்றாள். "அந்த வாளியைக் கொஞ்சம் குடேன். எங்க துணி சும்மா சும்மா அடைச்சுக்குது. என்ன எழவுன்னே தெரியல."

"தாராளமா எடுத்துட்டுப் போ. அதுக்கு முன்னாடி பாத்திரத்துக்கு மேல தொங்குற கயித்தை ஒரு தடவை பாத்துடு."

மேசையில் பன்றித்தொடை வெட்டிக்கொண்டிருந்த லியோபோல் தலையே நிமிரவில்லை.