பார் தெரியவில்லை

மார்ச் 4
புதிய அனல்மின் நிலையத்தில் கண்ணை உறுத்துவது பாய்லர் கட்டடம். எண்பது மீட்டர். இரண்டு வருடமாக பிரைமர் மட்டும் பூசி, துருப்பிடித்த சிவப்பில் நிற்கிறது. உயரத்தைக் குறைக்க முடியாது, தெரிவதைக் குறைக்கலாம்; அதற்குத்தான் என்னைத் தற்காலிகமாக எடுத்திருக்கிறார்கள். கீழே சாம்பல், மேலே போகப்போக வெளிர்நீலம் — வானத்தோடு கரைந்துவிடும். ஊர்க்காரர் ஒருத்தராவது நல்லதாக நாலு வார்த்தை சொல்லி அது ரிப்போர்ட்டில் வந்தால் எனக்கு வேலை நிரந்தரம் என்றார் மேலாளர் ஜெயசிங். பெயின்ட்டுக்கு எதற்குச் சாட்சி?

ஏப்ரல் 18
பெயின்ட் முடிந்தது. பிரமாதம். நானே சொல்லிக்கொள்ள வேண்டியதுதான்.

ஏப்ரல் 22
சங்கு குளிக்கும் இனிகோ அண்ணாச்சி கேட்டுக்கே வந்துவிட்டார். "சார், பார் தெரியல. நாலு நாளா தேடுதோம்." கை கொடுத்து நன்றி சொன்னேன். ஒரு மாதிரி முழித்துவிட்டுப் போனார். 'பார்' என்று ஒருமையில் சொன்னதுதான் கொஞ்சம் உறுத்தல். போகட்டும். ரிப்போர்ட்டில் சேர்த்தாயிற்று: 'நான்கு நாள் தேடியும் கட்டடம் தெரியவில்லை என உள்ளூர்க்காரர் உறுதி.'

ஏப்ரல் 25
மானம் போச்சு.
பார் என்றால் கடலுக்கடியில் இருக்கும் பாறைத்திட்டாம். சங்கு கிடப்பது அங்கேதான். ஒரு பக்கம் மாதா கோயில் கோபுரம், இன்னொரு பக்கம் எங்கள் சிவப்புக் கட்டடம் — இரண்டையும் குறி வைத்துத்தான் இடம் பிடிப்பார்களாம். எங்கள் ஊர் நாசரேத்தில் எவன் இதைச் சொல்லித்தந்தான்? ஜிபிஎஸ் எதுக்கு இருக்கு என்று, ஆட்களோடு மறுபடி வந்த அண்ணாச்சியிடம் கேட்டேன்.
"இருக்கு சார். அதுவும் உங்கள மாதிரிதான். பார்னு சொன்னா வேற எங்கயோ போவுது."
கூட வந்தவர்கள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே.

ஏப்ரல் 27
வள்ளத்தில் கூட்டிப்போனார்கள். மூன்று தரம் வாந்தி. கரையைப் பார்த்தேன். கட்டடம் இல்லை. சுத்தமாக இல்லை. வாழ்க்கையில் இவ்வளவு சரியாக நான் எதையுமே செய்ததில்லை — சொன்னால் தள்ளிவிட்டுவிடுவார்கள். மத்தியானம் வரை தேடினோம். யாரும் சங்கு குளிக்க இறங்கவில்லை. எட்டு வள்ளம், ஒன்பது நாளாக இப்படித்தானாம். யாரும் திட்டவும் இல்லை. திட்டியிருக்கலாம்.
திரும்பியதும் ரிப்போர்ட்டை வாபஸ் வாங்கினேன்.

மே 30
ரோட்டுப் பக்கம் நீலமே இருக்கிறது. கடல் பக்கச் சுவருக்கு மட்டும் பளீர் சிவப்பு அடிக்க வைத்துவிட்டேன். எவ்வளவு தூரம் தெரிகிறது என்று ஜெயசிங் சார் கேட்டார். பதினைந்து கிலோமீட்டர், நானே போய்ப் பார்த்தேன் என்றேன்.
"தெரியுறதக் குறைக்கத்தானல உன்ன வச்சிருக்கு?"
நிரந்தரம் ஆறு மாதம் தள்ளிப்போயிற்று. மேல் மூலை வேறு கொஞ்சம் மங்கலாகத் தெரிகிறது. நாளைக்கு இன்னொரு கோட் சிவப்பு அடிக்கச் சொல்லியிருக்கிறேன்.