விசாலாட்சி வழி வந்த சொந்தம்

இன்று காலை எங்கள் தெருமுனை நூலகத்தில் தரைக்கு மெழுகு போட்டிருந்தார்கள். கதவைத் தள்ளியதும் உன் வாசம் வந்தது. பதினெட்டு வருடம் உன் நீலக் கோட்டோடு கூடவே வீடு திரும்பிய வாசம் அது. எடுக்கப் போன புத்தகத்தை மறந்து, கதிரையில் கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு வந்தேன். நீ கண்ணை மூடி எட்டு மாதமாகிறது, சிநேகிதி. உனக்குச் சொல்ல வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

நீ காவல் வேலை செய்த, தரை மெழுகு மணக்கும் அந்தப் பழைய மாளிகைக் காட்சியகத்தில், மேல்மாடி அறை முழுக்க ஒரே குடும்பத்தின் ஓவியங்கள். ஜெர்மனிப் பக்கத்தில் கைப்பிடியளவு நிலத்தை வைத்துக்கொண்டு, பெண் கொடுத்தும் பெண் எடுத்துமே ஐரோப்பாவின் பாதி அரண்மனைகளுக்குச் சம்பந்தியாகிவிட்ட ஒரு பிரபு வம்சம். யாரும் ஓவியங்களைத் தொடாமல் பார்த்துக்கொள்வதுதான் உன் வேலை. ஆனால் நின்ற நிலையிலேயே நீ அந்த வம்சத்தைக் கரைத்துக் குடித்துவிட்டாய். விளக்கம் சொல்லச் சம்பளம் வாங்கியவர்களே சந்தேகம் வந்தால் உன்னிடம் வருவார்கள் என்று பெருமையடிப்பாய்.

நான் பார்க்க வந்த அன்று, சொந்தக்காரரின் கலியாணப் பட அல்பத்தைக் காட்டுவதுபோல் காட்டினாய். "இவ பெரியவரின்ரை மூண்டாவது மகள், கொஞ்சம் வாய்க்காரி. வடக்கை எங்கையோ குளிருக்குள்ளை குடுத்தவை, பாவம்" என்றாய். சுவரில் தொங்கிய பட்டுச் சட்டைக்காரிகள் எல்லாரும் ஒரு நிமிடத்தில் நம் ஊர்ப் பெண்களாகிவிட்டார்கள்.

எங்கள் கோயில் பெண்களோடு நானும் ஒரு கூட்டமாக வந்த அன்றுதான் உன் குட்டு வெளிப்பட்டது. ஓர் இளவரசனும் மனைவியும் நிற்கும் படத்தைக் காட்டி, இவள் அவனுக்கு என்ன முறை என்று ஒருத்தி கேட்டாள். தாய்மாமன் மகள் என்று கண்ணை இமைக்காமல் சொன்னாய். கீழே எழுதியிருந்ததோ வேறு. அவள் அவனுடைய சித்தப்பாவின் மகள். இரயிலில் வரும்போது நான் ஏசினேன். "தங்கச்சியைக் கட்டினவன் எண்டு எங்கடை சனத்துக்கு முன்னாலை சொல்ல எனக்கு வாய் வருமே?" என்றாய். செத்து இருநூறு வருடமான வெள்ளைக்காரனின் மானத்தைக்கூட நீ விட்டுக்கொடுக்கவில்லை.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அதே வில்லங்கம் என் வீட்டுக்கே வந்தது. என் மகள் இலண்டன் ஸ்ட்ரெதம் பக்கத்துத் தமிழ்ப் பையன் ஒருவனைக் கூட்டிவந்தாள். படித்தவன், அமைதியானவன். எல்லாருக்கும் பிடித்துவிட்டது. வழக்கம்போல ஊர் விசாரித்தபோதுதான் என் மாமனாரும் அந்தப் பையனின் அப்பாவழிப் பாட்டனாரும் அண்ணன் தம்பி பிள்ளைகள் என்று தெரிய வந்தது. அந்தக் கணக்கில் என் மகளும் அவனும் சகோதரம். முறை கெட்ட கலியாணத்தில் தான் சபையில் நிற்கமாட்டேன் என்று என் கணவர் ஒரே சொல்லாகச் சொல்லிவிட்டார். முகமே தெரியாத இரண்டு கிழவர்களுக்காக அவனை விட ஏலாது என்று மகள் பெட்டியைக் கட்டிக்கொண்டு வடக்கு இலண்டன் எட்மண்டனில் தன் சிநேகிதி வீட்டுக்குப் போய்விட்டாள். மூன்று வாரம் எங்கள் வீட்டில் தொலைக்காட்சி மட்டும்தான் பேசியது. மகளை இழந்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் நீ வந்தாய். தேத்தண்ணீர் வேண்டாம் என்றாய். அதிலேயே விஷயம் பெரிது என்று எனக்கு விளங்கியது. மாளிகைத் துண்டுப்பிரசுரம் ஒன்றின் பின்பக்கத்தில் கோடு கோடாகப் போட்டு என் கணவருக்கு முன்னால் வைத்தாய். அவருடைய அம்மம்மாவுக்கு விசாலாட்சி என்று ஒரு தமக்கை இருந்தாவாம். முல்லைத்தீவில் கலியாணம் செய்து கொடுத்தார்களாம். இவர் பிறக்க முன்னமே செத்துப்போனாவாம். அந்த விசாலாட்சியின் மகள் வயிற்றுப் பேத்திதான் பையனின் தாய் என்றாய். அந்த மனுசியோ சிறு வயதிலேயே தாயை இழந்தவர். தாய்வழியில் ஒருவரையும் தெரியாதவர்.

"அந்த வழியாலை பாத்தா பொடியன்ரை தாய் உங்களுக்குத் தங்கச்சி. பொடியன் மருமகன். இனி நீங்கள்தான் தாய்மாமனா நிண்டு செய்யவேணும்" என்று நீ சொன்னபோது உன் குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. இரண்டு வழி இருந்தால் நல்ல வழியைப் பிடிப்பதுதான் பெரிய குடும்பங்களின் வழக்கம் என்று உன் இளவரசர்களையும் சாட்சிக்கு இழுத்தாய். என் கணவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தக் கோடுகளை விரலால் இரண்டு தரம் தடவிப் பார்த்தார். பிறகு மகளுக்குப் போன் எடுத்தார்.

கலியாணம் நடந்தது. மூன்று வருடம் கழித்து, ஆஸ்பத்திரியில், நான் உனக்குத் தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தபோது சொன்னாய்.

"விசாலாட்சி எண்டு ஒருத்தரும் இல்லையடி."

பழம் கையிலிருந்து விழுந்தது. இது என்ன வேலை, இப்படியும் ஒரு பொய் சொல்வார்களா என்று கத்தினேன். நீ ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "எனக்கு அண்டைக்கு ஒரு விசாலாட்சி கிடைக்கேல்லை" என்றாய்.

உன் இருபத்தாறாம் வயதில், அழைப்பிதழ் அச்சடித்த பிறகு, முறை பிழை என்று நின்றுபோன உன் கலியாணம் அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. இத்தனை வருடத்தில் நான் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. அதற்குப் பிறகு நீ ஒருவரையும் கட்டவில்லை என்பதும் தெரியும். அதையும் கேட்டதில்லை. அதற்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.

இனி நான் சொல்ல வந்த செய்தி. மகளுக்குப் பெண் குழந்தை. சென்ற ஞாயிறு முப்பத்தொன்று, பெயர் வைக்கும் சடங்கு, செய்தோம். என்ன பெயர் என்று எல்லாரும் கேட்க, விசாலாட்சி என்று என் கணவர் அறிவித்தார். "அந்த மனுசி இல்லாட்டி இந்தப் பிள்ளையே இல்லை" என்றார். அது உண்மைதான். அதோடு விட்டிருக்கலாம். "சின்னனிலை நான் அவவின்ரை மடியிலை இருந்திருக்கிறன். நல்ல சிவலை" என்றும் சொன்னார். சம்பந்தியம்மா கண் கலங்கித் தலையாட்டினார். விலாவில் இடிக்கப் பக்கத்தில் நீ இல்லாததால் சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு கொஞ்சமல்ல.

உண்மை தெரிந்தவள் இப்போது நான் ஒருத்திதான். அது என்னோடே வரட்டும். பிள்ளையின் காதில் பெயர் சொல்ல என்னைக் கூப்பிட்டார்கள். விசாலாட்சி என்று மூன்று தரம் சொன்னேன். நாலாம் தரம், வேறு ஒருவருக்கும் கேட்காமல், உன் பெயரைச் சொன்னேன்.