இரண்டு பல், மூன்று மாதம்

ஏப்ரல் 3, வியாழன்

இன்று கப்பல் கட்டும் தளத்தில், புதுக் கப்பலின் எஞ்சின் அறையில் நூற்றிருபது போல்ட் சரிபார்த்தேன். நான்கு தளர்வு. நான்கு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஃபோர்மேன் பாங் அதை இரண்டாக்கச் சொன்னார். முடியாது என்றேன். கோபமாகத்தான் சொன்னேன், ஆனால் முன்பல் இரண்டு இல்லாதவன் கோபப்பட்டால் விசில்தான் வருகிறது. அவரே சிரித்துவிட்டார். சிரிக்க அவருக்கு என்ன உரிமை? மூன்று வாரம் முன்பு மதிய இடைவேளையில் வலை கட்டிக் காலால் பந்தாடும்போது என் வாயில் வந்து மோதியது அவருடைய நெற்றிதான். மேல்வரிசையில் இடப்பக்கம் இரண்டு பல், வேரோடு உடைந்து, மருத்துவமனையில் பிடுங்கிப் போட்டார்கள். அன்றிலிருந்து முகக்கவசம்.

ஜூலை 20 ஞாயிறு, எங்கள் வீடும் நான் கட்டிக்கொள்ளப் போகும் யூன்ஹாவின் வீடும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடும் நாள். அது நல்லபடி முடிந்தால்தான் கல்யாணத் தேதி. யூன்ஹாவின் அப்பாவுக்குத் தொங்யோங் கடலோரத்தில் சிப்பிப் பண்ணை. இரண்டு வருடம் முன்பு அவள் அக்காவுக்கு இதேபோல விருந்து நடந்தபோது, மாப்பிள்ளைப் பையனின் வேலை ஒப்பந்த வேலை என்பதை மறைத்துவிட்டார்கள் என்று தெரிந்து, சூப் ஆறுவதற்குள் எழுந்து போய்விட்டாராம் மனிதர்.

ஆகவே ஜூலை 20-க்குள் என் வாயில் இரண்டு பல் நிற்க வேண்டும். அவ்வளவுதான் கணக்கு.

ஏப்ரல் 5, சனி

ஒரே கட்டடத்தில் இரண்டு பல் கிளினிக். ஐந்தாம் மாடியில் 'ஒரே நாளில் பல்' என்று சுவரளவு விளம்பரம். அதற்குத்தான் போனேன். லிஃப்டுக்கு வரிசை. எனக்கு வரிசை ஆகாது. படியேறினேன், இரண்டாம் மாடியிலேயே இன்னொன்று இருந்தது. நுழைந்துவிட்டேன்.

டாக்டர் பியோ. ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண்மணி. ஒட்ட வெட்டிய தலைமுடி, சின்ன உருவம், பெரிய கண்ணாடி. ஸ்கேன் எடுத்துத் தாடை எலும்பைத் திரையில் திருப்பித் திருப்பிக் காட்டினார். பல்லுக்கு ஒன்றாக டைட்டானியம் திருகு எலும்புக்குள் இறங்கும். எலும்பு அதைப் பிடித்துக்கொள்ள மூன்று மாதம். அதன்பிறகே மேலே பல்.

மேல்மாடியில் ஒரே நாளில் தருகிறார்களே என்றேன். சிலருக்குத் தரலாம், அடிபட்டதில் எனக்கு எலும்பின் முன்சுவரில் விரிசல், அதனால் தன்னால் முடியாது என்றார். பேனாவைக் கதவுப் பக்கம் நீட்டினார்.

"அவசரம்னா அஞ்சாம் மாடியில கேட்டுப் பாருங்க. லிஃப்ட் இடப்பக்கம்."

இதுவரை எத்தனை தோற்றிருக்கிறது என்று கேட்டேன். எங்கள் தளத்தில் இந்தக் கேள்வி கேட்டால் வேலை போய்விடும். அவர் மேசை இழுப்பறையைத் திறந்தார். பதினொரு சின்னப் பைகள். ஒவ்வொன்றிலும் ஒரு திருகு, தேதி, காரணம். ஒன்பது வருடத்தில் எலும்பு பிடிக்காமல் திரும்பி வந்தவை.

"இந்த ஆறு என் தப்பு. இது மூணும் சிகரெட்டு. இந்த ரெண்டும் ஏன்னு இன்னும் தெரியல."

அந்த இரண்டு பையிலும் 'தெரியவில்லை' என்றே எழுதியிருந்தது. அப்படி எழுதி வைத்திருக்கும் ஒரு ஆளை நான் இதுவரை பார்த்ததில்லை. உடனே தேதி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஏப்ரல் 18, வெள்ளி

முடிந்தது. ஊசிதான் வலித்தது. அதன்பிறகு வலி இல்லை. அழுத்தம், அதிர்வு, சத்தம். சுவரில் துளை போடும்போது அந்தச் சுவராகவே நாம் இருந்தால் எப்படியிருக்கும், அப்படி.

துளைக்கும்போது ஓயாமல் தண்ணீர் பீய்ச்சினார்கள். நாற்பத்தேழு டிகிரிக்கு மேல் சூடானால் எலும்பு செத்துவிடுமாம். வேகம் எங்கள் தளத்துத் துளைக்கருவியில் பாதிகூட இல்லை. முதல் துளைக்குள் ஒரு ஊசியை நிறுத்திப் படம் எடுத்துப் பார்த்தார். "ரெண்டு டிகிரி சாஞ்சிருக்கு" என்று நர்ஸிடம் சொல்லிவிட்டுத் திருத்தினார். அப்படியே விட்டிருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது? எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரியும், அதனால் திருத்தினார். வாயைப் பிளந்தபடி படுத்திருந்தேன், இல்லாவிட்டால் எழுந்து கை கொடுத்திருப்பேன்.

ஐம்பது நிமிடம். உறுதி எண் ஒன்று உண்டு: திருகின்மேல் சிறு முளையை மாட்டி, காந்தத் துடிப்பால் தொடாமலே அளக்கிறார்கள். நடுப்பல்லுக்கான உள்பக்கத்துத் திருகு 68, அதை அடுத்த வெளிப்பக்கம் 66. நூற்றுக்கு இது நல்ல எண்ணாம். இரண்டின் தலையிலும் ஈறுக்கு மேல் தெரியும்படி ஒரு உலோக மூடி.

சிகரெட் கூடாது, சோஜு சாராயம் கூடாது, ஸ்ட்ரா போட்டு உறிஞ்சக் கூடாது, கை வைக்கக் கூடாது. கடைசியாக ஒன்று சொன்னார்.

"மூணாவது நாலாவது வாரம்தான் மோசம். பழைய எலும்பு பிடிய விட்டிருக்கும், புது எலும்பு இன்னும் பிடிச்சிருக்காது. வலி இருக்காது. அதனால ஆறிடுச்சுன்னு நினைப்பீங்க."

தலையாட்டினேன். மூன்று மாதம் முடியும் ஜூலை 18-க்கு எத்தனை நாள் என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 20, ஞாயிறு

முகம் வேகவைத்த பன் மாதிரி ஊதியிருக்கிறது. மூன்றாம் நாள்தான் உச்சம் என்று முன்பே தாளில் போட்டுக் கொடுத்திருந்தார். சரியாக மூன்றாம் நாள். அம்மா வீக்கத்துக்கு என்று மூன்றாவது கிண்ணம் பூசணிக் கஞ்சி நீட்டினாள். இதற்கெல்லாம் அறிவியல் ஆதாரம் கிடையாது என்றேன். "ஆதாரத்த அப்புறமா தேடு. இப்ப வாயத் தொற" என்றாள்.

ஏப்ரல் 28, திங்கள்

தையல் பிரித்தார்கள். ஒரு நிமிட வேலை. கழற்றி மாட்டுகிற சின்னப் பல்செட் ஒன்று கொடுத்தார்கள், இரண்டு பல் மட்டும். பேசலாம், சிரிக்கலாம், அதை வைத்துக்கொண்டு கடிக்கக் கூடாது. சாப்பிடும்போது கழற்றிவிட வேண்டும்.

யூன்ஹா இரண்டு விதத்திலும் பார்த்தாள். "மாட்டினா மாப்பிள்ளை, கழட்டினா தாத்தா."

மே 15, வியாழன்

இதை எழுத வேண்டாம் என்று நினைத்தேன். எழுதிவிடுகிறேன்.

மத்தியானம் நாக்கு பட்டபோது வெளிப்பக்கத்து மூடி சுற்றியது. தளர்ந்திருக்கிறது. கிளினிக் வியாழன் விடுமுறை, நாளைக் காலை ஒன்பதுக்குத் திறப்பார்கள். ஒரு ராத்திரி பொறுத்தால் போதும். பொறுக்கவில்லை. எனக்கு முன்னால் ஒரு திருகு தளர்ந்து கிடக்கிறது, நான் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டுமா? என் பிழைப்பே அதுதானே!

தளத்திலிருந்து, இறுக்கும் விசையை அளந்து காட்டும் சின்ன டார்க் ஸ்க்ரூடிரைவர் எடுத்து வந்தேன். அளவு சரிபார்த்து முத்திரை போட்டது. முனையில் மாட்டும் பிட்டை ஸ்பிரிட்டில் கழுவினேன். தயாரிப்பாளரின் குறிப்பைத் தேடி எடுத்தேன், இறுக்கும் விசை முப்பது என்று இருந்தது. முப்பதில் வைத்தேன். மாலை ஏழு மணி, குளியலறைக் கண்ணாடி முன்னால்.

பத்திலேயே மூடி உட்கார்ந்துவிட்டது. நிறுத்தியிருக்கலாம். எண் முப்பது என்கிறதே — திருப்பினேன். வைத்த எண்ணை எட்டியதும் 'டிக்' என்று சொல்ல வேண்டிய கருவி சொல்லவில்லை. அதற்கு முன்னாலேயே கை வழுவழுவென்று போயிற்று. மூடி மட்டும் சுற்றவில்லை, மூடியோடு திருகே சுற்றியது. அந்த வழுக்கல் என் கைக்குத் தெரியும். எத்தனை போல்ட்டில் பார்த்திருக்கிறேன். பிட்டில் போட்டிருந்த கோட்டைப் பார்த்தேன்: ஏறக்குறைய நாற்பது டிகிரி.

கொஞ்சம் ரத்தம். உட்கார்ந்துவிட்டேன்.

முப்பது என்பது கடைசியாகப் பல்லை இறுக்குவதற்கு. மூடிக்கு விரலால் இறுக்கினால் போதும் என்று அடுத்த பக்கத்தில் அச்சடித்திருக்கிறான். நான் அடுத்த பக்கம் திருப்பவில்லை. இதையே எனக்குக் கீழே ஒருத்தன் செய்திருந்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்.

மே 16, வெள்ளி

எட்டு நாற்பதுக்கே படியில் நின்றேன். தானாகத் தளர்ந்துவிட்டது என்று சொன்னால் நம்புவார். நின்ற இருபது நிமிடமும் அந்தப் பொய்யை ஒத்திகை பார்த்தேன். உள்ளே போனதும் அந்த இழுப்பறை கண்ணில் பட்டது. என் திருகு வந்து விழுந்தால் அந்தப் பையில் 'தெரியவில்லை' என்று எழுதுவார். வருடக் கணக்கில் காரணத்தைத் தேடுவார். நடந்ததை அப்படியே சொல்லிவிட்டேன்.

கண்ணாடியைக் கழற்றிக் கீழே வைத்தார்.

"எத்தன டிகிரி?"

"நாற்பது."

"எவ்வளவுல வெச்சீங்க?"

"முப்பது."

"நல்லா அளந்து பாத்துத்தான் கெடுத்திருக்கீங்க."

நர்ஸ் திரும்பி நின்று இருமினாள். சிரிப்புதான்.

அளந்தார். உள்பக்கம் 70. வெளிப்பக்கம் 41. பிடுங்கிவிட்டு, ஆறவிட்டு, புதிதாகப் போடலாம். இல்லையென்றால் மூடியை எடுத்து ஈறால் மூடித் தைத்துவிட்டு, எலும்பு மறுபடி பிடிக்கிறதா என்று பார்க்கலாம். "சுத்துது, ஆனா ஆடல. இன்னொரு வாய்ப்பு குடுக்கலாம். பாதிக்குப் பாதிதான்." நான்கு மாதம்.

ஜூலை 20-க்கு ஆகுமா என்று கேட்டேன். ஆகாது என்றார். 'பார்க்கலாம்', 'கடவுள் விட்ட வழி' எதுவும் கிடையாது. ஆகாது. இப்படி ஒரு வார்த்தையில் எனக்குப் பதில் சொல்லும் ஆள் வேறு யாரும் இல்லை. வலியிலும் பிடித்திருந்தது.

கிளம்பும்போது சொன்னார்: "இங்க பன்னண்டாவது பை ஒட்ட எனக்கு ஆசையில்ல. நாலு மாசம் கையப் பாக்கெட்டுலயே வெச்சிருங்க."

மே 17, சனி

யூன்ஹாவிடம் சொன்னேன். தேதியைத் தள்ளிப்போடக் கேட்கலாமா என்றேன். காரணம் கேட்பாரே என்றாள். அதன்பிறகு, "எங்கிட்ட சொல்லிட்ட. சரி. எங்கப்பாகிட்ட யாரு சொல்றது?"

ஜூன் 11, புதன்

ஒன்றும் செய்யவில்லை. ஒன்றும் செய்யாமல் இருப்பது இத்தனை பெரிய வேலை என்று தெரியாது.

ஜூலை 18, வெள்ளி

உள்பக்கம் 76. அதில் ஒரு தற்காலிகப் பல்லைத் திருகி நிறுத்தினார். அசையாது. நாக்கு திரும்பத் திரும்ப அங்கேயே போகிறது. வெளிப்பக்கத்தை அவர் திறக்கவே இல்லை.

இரண்டாவது பல்லையும் முதல் பல்லின் பக்கவாட்டில் ஒட்டித் தொங்கவிட்டால் என்ன என்று படமே வரைந்து கொண்டுபோயிருந்தேன். பார்த்தார். போட்டோவுக்கு நிற்கும், கடித்தால் நல்ல திருகும் சேர்ந்து கெடும் என்றார். படம் மட்டும் சுத்தமாக இருக்கிறதாம். ஆக ஞாயிறன்று ஒரு பல் நிலையாக, ஒரு பல் கழற்றி மாட்டுவதாக.

அம்மாவின் திட்டம்: கஞ்சியும் மெத்தென்ற தோஃபுவும் மட்டும் தொடு, வாயை மூடி மெல்லு, யாருக்கும் தெரியாது.

ஜூலை 20, ஞாயிறு

எங்கள் பக்கம் அம்மாவும் நானும். அப்பா இருந்திருந்தால் பேச்சை அவர் பார்த்துக்கொண்டிருப்பார். எதிரே யூன்ஹா, அவள் அம்மா, அவள் அப்பா. கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளைச் சட்டை, உப்பில் வெந்த கைகள். அரை மணி நேரம் வானிலை, சாலை நெரிசல், சிப்பி விளைச்சல். நான் தோஃபுவைத் தின்றுகொண்டிருந்தேன்.

அவர் கவனித்துவிட்டார். சுட்ட விலாக்கறியில் எலும்பை ஒட்டிய நல்ல துண்டாக எடுத்து என் கிண்ணத்தில் வைத்தார். "நீங்க கறியே தொடலயே." பெரியவர் கையால் வைத்தது. வேண்டாம் என்று சொல்ல முடியாது. அப்படியே வைத்திருக்கவும் முடியாது. அம்மா மேசைக்கடியில் என் காலை மிதித்தாள்.

ஒரு நிமிடம் என்று கேட்டுக்கொண்டு, தலையைத் திருப்பி, பல்லைக் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றி வைத்தேன். திரும்பி எல்லாவற்றையும் சொன்னேன். பந்து, திருகு, கண்ணாடி, முப்பது, நாற்பது டிகிரி. பிடிக்கலாம், பிடிக்காமலும் போகலாம் என்றும் சொன்னேன். நடுநடுவே விசில்.

அவர் சாப்ஸ்டிக்கைக் கீழே வைத்தார். எழுந்துவிடப் போகிறார் என்றே நினைத்தேன். யூன்ஹா முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"அந்த டாக்டரம்மா திட்டலயா?"

"திட்டல. எத்தன டிகிரின்னு மட்டும் கேட்டாங்க."

மேல் உதட்டை விரலால் தூக்கிக் காட்டினார். "எனக்கும் இதே திருகுப் பல்லு, மேல ரெண்டு, கீழ ரெண்டு. போன வருஷம் ஒண்ணு கழண்டு வந்துது. டாக்டர் சரியாப் போடலன்னு ஊரெல்லாம் சொன்னேன்." சாப்ஸ்டிக்கை மறுபடி எடுத்தார். "ஆறு வாரத்துல நண்டுக் கால் கடிச்சேன்."

அவர் மனைவி மெதுவாகத் திரும்பினார். "கஞ்சிதான் குடிச்சேன்னு என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணீங்களே."

பிறகு அம்மா தன் கடைவாய்ப் பல்லைப் பற்றி ஆரம்பித்தாள். அதன்பிறகு இரண்டு மணி நேரம் பல்லைத் தவிர வேறு பேச்சே இல்லை. கல்யாணத் தேதி குறித்தது எப்போது என்றே எனக்கு நினைவில்லை. நவம்பர் 22 என்றார்கள்.

கிளம்புவதற்கு முன் யூன்ஹாவின் அப்பா கத்தரிக்கோலால் கறியைப் பொடியாக நறுக்கி என் பக்கம் தள்ளினார். "மாப்ளே, இந்தப் பக்கமா மெல்லு."

செப்டம்பர் 19, வெள்ளி

ஈறைத் திறந்து அளந்தார். 71. இன்னொரு பக்கமிருந்து: 70. மறுபடி: 71.

இழுப்பறையைத் திறந்து காட்டினார். பதினொன்று. மூடினார்.

அக்டோபர் 17, வெள்ளி

பல் செய்கிற ஆளே நேரில் வந்து, விளக்கை அணைத்துவிட்டு, என்னை ஜன்னலோரம் நிறுத்தி நிறம் பார்த்திருந்தார் போன வாரம். என் பக்கத்துப் பல்லில் முடியளவு ஒரு கோடு உண்டு. இருபத்தொன்பது வருடமாக எனக்கே தெரியாது. புதுப் பல்லிலும் அதே கோட்டைப் போட்டிருக்கிறார். இந்த மனிதர்களிடம் யார் இதையெல்லாம் கேட்கிறார்கள்?

டாக்டர் பியோ இறுக்கும்போது கைக்கண்ணாடியை என்னிடம் கொடுத்தார். 'டிக்.' "இதுக்குத்தான் அந்த முப்பது" என்றார்.

டிசம்பர் 14, ஞாயிறு

மாமா ஒரு பெட்டி சிப்பியும் ஒரு பெட்டி பேரிக்காயும் அனுப்பியிருக்கிறார். யூன்ஹாவின் அட்டைப்பெட்டிகள் இன்னும் கூடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கின்றன. அவள் பழத்தைத் தோல் சீவி நறுக்கக் கத்தியைத் தேடிக்கொண்டிருந்தாள். எனக்குப் பொறுமையில்லை. முழுப் பழத்தைத் தோலோடு எடுத்து முன்பல்லால் கடித்தேன். சாறு முழங்கைவரை. ஒன்பது மாதம் கழித்து.

சதையில் பல் தடம் வரிசையாக விழுந்திருந்தது. எது என் பல், எது அவர்கள் வைத்த பல் என்று பார்த்துச் சொல்ல முடியவில்லை. அளந்தால் தெரியும். பழத்தை மேசையில் வைத்துவிட்டு வெர்னியர் அளவுகோல் எடுக்கப் போனேன். வருவதற்குள் யூன்ஹா மிச்சத்தைத் தின்றுவிட்டிருந்தாள்.