ஃப்ளோரன்ஸின் புதுப் புருவம்

ராயபுரம்,
ஞாயிறு, பூசை முடிந்து.

அன்புப் பேத்தி மெர்லினுக்கு, ஆயா வியாகுலம்மாள் ஆசீர்வதித்து எழுதுவது.

நோயலுக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்று விருந்தில் இருந்தவர்கள்: நான், உன் அம்மா ஃப்ளோரன்ஸ், உன் அப்பா ஜெரால்ட், உன் மாமன் ஹென்றி, அவன் பெண்டாட்டி ரூத், அவள் மடியில் நோயல், எதிர்வீட்டு ரஞ்சித், பிரியாணி தேக்சாவோடு வந்த ஃபர்ஹான் பாய். நீ மஸ்கட்டில் இருந்தாய். புற்றுநோய்க்கு ஏற்றிய ஊசி மருந்தில் தலைமுடியோடு புருவமும் உதிர்ந்து உட்கார்ந்திருந்த உன் அம்மாவைப் பார்த்து, இத்தனை பேர் நடுவில் உன் அப்பா, 'இன்னா ஃப்ளோரா, மூஞ்சி அவிச்ச முட்டை மாரி கீது' என்றான். யாரும் சிரிக்கவில்லை. உன் அம்மாதான் சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையை நெற்றிவரை இழுத்தவள், பிறகு கோயிலில்கூட அதை விலக்கவில்லை.

நீ போனில் கேட்டதற்குப் போனில் பதில் சொல்ல முடியாது. ஒரே அறை, பேசுவதெல்லாம் அவள் காதில் விழும். ரஞ்சித் மஸ்கட்டுக்குத் திரும்புகிறான், அவன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

புருவம் எத்தனை நாள் நிற்கும் என்று கேட்டாய். தண்டையார்ப்பேட்டையில் பார்லர் வைத்திருக்கும் டெபோரா, 'ஒரு வருசம் நிக்கும் ஆயா, நல்லா பாத்துக்கினா ரெண்டு வருசம்' என்கிறாள். பச்சை குத்துகிற மாதிரி ஊசியால் மை குத்திய புதிதில் கரி அப்பியது போல் இருந்தது, பயந்துபோனேன். பிறகு பொருக்குத் தட்டித் தானாக உதிர்ந்தது. கிள்ளக் கூடாதாம். இப்போது முடிமுடியாக, கல்யாணத்தன்று இருந்த அதே புருவம். சோப்பு, எண்ணெய், வெயில் ஆகாது. வேர்த்தால் ஒற்ற வேண்டும், தேய்க்கக் கூடாது. ஒன்றரை மாதம் கழித்துப் போனால், நிறம் விட்டுப்போன இடத்தை நிரப்புவாளாம். அதற்கு டச்சப் என்று பேர். உன் அம்மா அதற்குத்தான் காத்திருக்கிறாள்.

இதே டெபோராதான் முன்பு முடியாது என்று திருப்பி அனுப்பினாள். ஊசி ஏறுகிற உடம்பில் குத்தினால் புண் ஆறாது, டாக்டர் ஊசியை நிறுத்தட்டும் என்றாள். போன மாதம் டாக்டர் நிறுத்திவிட்டார். என்னை மட்டும் வெளியே கூப்பிட்டு, இனிமேல் அவங்க ஆசைப்பட்டதைச் செய்து கொடுங்கம்மா என்றார். உன் அம்மாவோ, 'ஊசி நின்னுச்சுன்னா நோவு பூட்ச்சுன்னுதானேம்மா' என்று கேட்டுவிட்டு அந்த வாரமே பார்லருக்குக் கிளம்பினாள். அவளுக்குப் புருவம் வந்தது அப்படித்தான், மெர்லின்.

செவ்வாய்க்கிழமை ஃபாதரை வரவழைத்து, சாவுக்கு முன் கொடுக்கிற அவஸ்தைப் பூசுதலைக் கொடுக்கச் சொன்னேன். உன் அம்மாவிடம், சுகமானதற்கு நன்றி ஜெபம் என்றேன். ஃபாதர் நெற்றியில் பூசத் தைலத்தைத் தொட்டதும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, 'புருவத்துல படாம, ஃபாதர். எண்ணெய் பட்டா கலரு பூடும்' என்றாள். அவர் விரல் நுனியால் மேலே, முடி இருந்த இடத்தருகில், சின்னதாகச் சிலுவை போட்டார். உள்ளங்கையிலும் பூசினார். அது எதற்கென்று அவள் கேட்கவில்லை. நான் அடுப்பைப் பார்க்கத் திரும்பிக்கொண்டேன்.

டாக்டர் சொன்னதை உன் அப்பாவிடம் நான்தான் சொன்னேன். அன்றிலிருந்து அவன் துறைமுகத்து வேலைக்குப் போகவில்லை. பஞ்சை நனைத்து, புருவத்தில் ஒரு சொட்டு படாமல் அவள் முகத்தைத் துடைத்துவிடுகிறான். வாசலில் உட்கார்ந்தால்கூடக் குடை பிடிக்கிறான். டெபோராவுக்கும் அந்தப் பதம் வராது. எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

உனக்குக் கிறிஸ்துமஸுக்குத்தான் லீவு என்கிறாய். புருவம் கிறிஸ்துமஸ் வரை இருக்கும். நீ அதற்கு முன்னால் வா. வந்ததும் அழாதே, புருவம் அழகாக இருக்கிறது என்று முதலில் சொல்.

மாதா உன் வழிக்குத் துணையிருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் ஆயா வியாகுலம்மாள்.

அப்பாவை மன்னித்துவிடு ஆயா என்று நீயும் கேட்கிறாய், ஃபாதரும் கேட்டார். உன் அம்மா எப்போதோ மன்னித்துவிட்டாள். அவள் அன்று சிரித்த சிரிப்பு என் காதில் அப்படியே நிற்கிறது. வேறு யாரை வேண்டுமானாலும் மன்னிக்கச் சொல், செய்கிறேன். மன்னிக்கமாட்டாத ஒரே ஆள், ஜெரால்ட்.