பட்டாணிக்கு ஜோடி தேட வேண்டாம்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நீ, உன் மனைவி, சின்னவள் எல்லோரும் சுகம்தானே? போனிலேயே வாய் ஓயாதவள் எதற்குக் கடிதம் போடுகிறாள் என்று நினைப்பாய். போன வாரம் இரண்டு தடவை போன் செய்தேன். இரண்டு தடவையும் மழையைப் பற்றியும் உன் அத்தானின் முழங்கால் வலியைப் பற்றியும் பேசிவிட்டு வைத்துவிட்டேன். சொல்ல வந்ததைச் சொல்லவில்லை.

பட்டாணிக்கு ஜோடி பார்த்தாகிவிட்டது, அடுத்த மாதம் சேர்க்கப் போகிறோம் என்று சந்தோஷமாகச் சொன்னாயே, அதை நிறுத்திவிடு. முழுக்கப் படித்துவிட்டுத் திட்டு.

பட்டாணியின் அம்மா சீமாட்டிக்குக் கண் போய்விட்டது. இரண்டு மாதத்துக்கு முன்னால் மாடிப்படியில் உருண்டாள். அடி ஒன்றும் இல்லை. ஆனால் நான் கூப்பிட்டதும் எழுந்து, சுவரைப் பார்த்து வாலை ஆட்டினாள்.

மறுநாளே கண் பார்க்கும் கால்நடை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். சின்ன வயதுப் பெண், சிரிப்பை அளந்து வைத்திருக்கிற ஆள். அறையை இருட்டாக்கி விளக்கடித்து வெகுநேரம் பார்த்தாள். கண்ணுக்குள் பின்பக்கம் இருக்கிற விழித்திரை கொஞ்சம் கொஞ்சமாக அழிந்துபோயிருக்கிறதாம். வலி கிடையாது, மருந்தும் கிடையாது. முதலில் மங்கல் வெளிச்சத்தில் தெரியாமல் போகும், அப்புறம் பகலிலும். காக்கர் ஸ்பேனியல் நாய்களுக்கு வம்சத்தோடு வருகிற கோளாறு என்றாள். ரத்தப் பரிசோதனையும் அதைத்தான் சொன்னது.

"இவ போட்ட குட்டிங்க மொத்தம் எத்தனை?" என்று கேட்டாள். பதினொன்று என்றேன். "எல்லார் வீட்டுக்கும் சொல்லிட்டீங்களா?" என்றாள். இல்லை என்று ஒப்புக்கொள்ளாமல் சீமாட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

ஏன் என்று சொல்கிறேன். மூன்று வருடத்துக்கு முன்னால், முதல் ஈற்றில் ஒரு குட்டி வாங்கிப்போன தையல்காரர் போன் செய்தார். "அம்மா, பொழுது சாஞ்சா இது வாசப்படியில முட்டிக்குது, என்னன்னு கொஞ்சம் பாருங்க" என்றார். இருட்டில் விட்டால் எந்த நாயும்தான் முட்டிக்கொள்ளும் என்று வெடுக்கென்று சொல்லி வைத்துவிட்டேன். அப்போதே சீமாட்டியும் அந்தி நேரத்தில் தோட்டத்தில் இறங்கத் தயங்குவாள். பார்த்தேன். பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன். முதல் ஈற்றின் அதே தகப்பன் நாயோடு அடுத்த ஈற்றுக்கும் ஏற்பாடு செய்தேன். அதில் பிறந்தவன்தான் உன் பட்டாணி.

போன மாதம் அந்தத் தையல்காரர் வீட்டுக்கு நேரில் போனேன். தையல் மிஷினுக்கு அடியில், துணி வெட்டுகளின் மேல் அது படுத்திருந்தது. கண் சுத்தமாகத் தெரியாது. என் குரலைக் கேட்டதும் வந்து காலை முகர்ந்தது. அவர் கத்துவார் என்று தயாராகப் போயிருந்தேன். "அன்னிக்கு நான் சொன்னத நம்பியிருந்தா போதும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு, உட்கார நாற்காலி போட்டார். கத்தியிருந்தால் தேவலை.

தகப்பன் நாயின் சொந்தக்காரரோ, "என் நாய் அரை மைல்ல பூனை போனாலும் பாத்துடும்" என்று சண்டைக்கு வந்தார். அதுவும் உண்மைதான். தாய், தகப்பன் இரண்டு பக்கமிருந்தும் வந்தால்தான் பார்வை போகும். ஒரு பக்கம் மட்டும் வந்தால் தன் கண் நன்றாக இருக்கும், குட்டிகளுக்குக் கடத்திவிடும். சீமாட்டியின் பங்கு பட்டாணிக்குக் கட்டாயம் வந்திருக்கும். தகப்பனிடமிருந்தும் வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்கிறாள் டாக்டர். பரிசோதனை செய்து பார். எப்படியானாலும் அவனைக் குட்டிக்கு விடாதே.

மற்ற பத்து வீட்டுக்கும் சொல்லிவிட்டேன். ஒருவர் தன் நாயைத் திரும்பக் கொண்டுவந்து விட்டுப் போனார். அது மூன்று நாளாக வாசலைவிட்டு நகரவில்லை. இனிமேல் இந்த வீட்டில் குட்டி விற்பது கிடையாது. வாசலில் மாட்டியிருந்த 'குட்டிகள் விற்பனைக்கு' போர்டை உன் அத்தான் கழற்றிவிட்டார்.

பட்டாணிக்குப் பார்வை மங்கினால் பயப்படாதே. மேஜை நாற்காலியை இடம் மாற்றாமல் வை. தொடுவதற்கு முன்னால் பேர் சொல்லிக் கூப்பிடச் சொல் சின்னவளிடம். சீமாட்டி இப்போது சமையலறைக்கும் கூடத்துக்கும் ராணி மாதிரி நடக்கிறாள்.

தெரிந்தேதான் எனக்குக் கொடுத்தாயா என்று கேட்பாய். அந்த ஈற்றிலேயே அவன்தான் கெட்டிக்காரன். கேட்டவர்களுக்கெல்லாம் இல்லை என்று சொல்லி உனக்கென்று எடுத்து வைத்தேன். இதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

உன்னால் முடியாவிட்டால் வேறு யாரிடமும் கொடுத்துவிடாதே, நானே வந்து கூட்டிக்கொள்கிறேன். கோபமாக இருந்தால் போன் செய்து ஆசை தீரத் திட்டு. பேசாமல் மட்டும் இருந்துவிடாதேடா. அவனையும் சேர்த்து நீங்கள் நால்வரும் நன்றாயிருக்க வேண்டும்.

என்றும் உன்
அக்கா